நாஞ்சில் நாட்டிலிருந்து உலகக் கூடங்களுக்கு: ஒரு கண்காட்சிப் பாதை எதனால் ஆகிறது?

கல்லுக்கும் வண்ணத்துக்கும் குறைவில்லாத மாவட்டம் கன்னியாகுமரி. திருநந்திக்கரைக் குடைவரையில் பழைய ஓவியத்தின் எச்சங்கள் இருக்கின்றன. சிதறால் மலையில் சமண உருவங்கள். சுசீந்திரம் கோபுரத்தின் உட்சுவர்களில் ஓவியங்கள். பத்மநாபபுரம் அரண்மனை மேல்மாடத்து அறையில் சுவர் தெரியாதபடி தெய்வ உருவங்கள். மயிலாடியில் இன்றைக்கும் உளிச்சத்தம் ஓயவில்லை. இத்தனை இருந்தும், உலகக் கலைக்கூடங்களில் காட்சி வைக்கும் இந்தியக் கலைஞர்களின் பட்டியலில் இந்த மாவட்டத்தின் பெயர் எளிதில் கண்ணில் படுவதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் இருக்கும் திருநெல்வேலியின் பெயரோ படுகிறது. அங்கே 1971இல் பிறந்த ஆழ்வார் பாலசுப்ரமணியம் நியூயார்க், வாஷிங்டன், டோக்கியோ என்று காட்சிப்படுத்திய சிற்பி.

இந்த வேறுபாட்டைத் திறமையின் கணக்கில் எழுதிவிட முடியாது. இலக்கியத்தை எடுத்துக்கொண்டால் நிலைமை தலைகீழ். தேரூரில் பிறந்த கவிமணி தொடங்கி சுந்தர ராமசாமி, ஹெப்ஸிபா ஜேசுதாசன், தோப்பில் முஹம்மது மீரான், நாஞ்சில் நாடன், ஜெயமோகன் வரை இந்த மண் தமிழுக்குக் கொடுத்திருக்கும் பெயர்கள் பல. கதையை ஒரு தபால் உறையில் சென்னைக்கு அனுப்பிவிடலாம், சிற்றிதழ் அச்சிடும், வாசகர் கடிதம் போடுவார். ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் அந்த வசதி கிடையாது. அவற்றுக்கு மாட்டுவதற்குச் சுவர் வேண்டும், வைப்பதற்குத் தளம் வேண்டும், ஏற்றிச் செல்ல வண்டி வேண்டும், பொறுப்பேற்க ஆள் வேண்டும். ஒரு கலைஞரின் கண்காட்சிப் பட்டியல் என்பது அவருடைய கைத்திறனைச் சொல்வதைவிட, அந்தக் கைக்கும் பார்வையாளரின் கண்ணுக்கும் நடுவே யார் யார் நின்றார்கள் என்பதையே அதிகம் சொல்கிறது. தென்கோடியிலிருந்து உலகக் கூடங்களுக்குப் போன பாதைகளை அந்தக் கோணத்தில் பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை.

சுவரிலிருந்து துணிக்கு

சுவரோவியம் பயணம் போகாது. பார்க்க வேண்டியவர்தான் அதைத் தேடி வர வேண்டும். அது இருக்கும் இடம் அரசரின் பூசையறையாக இருந்தால், பார்க்க வாய்ப்புள்ளவர்களும் சிலரே. கண்காட்சி என்ற வழக்கம் தென்திருவிதாங்கூருக்கு வந்தது, ஓவியம் துணிக்கு மாறிய பிறகுதான். அந்த மாற்றத்தின் முகம் ரவிவர்மா.

1848இல் கிளிமானூரில் பிறந்த அவர் பதினான்கு வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். ஆயில்யம் திருநாள் மன்னரின் ஆதரவு கிடைத்தது. 1868இல் அங்கே வந்த தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் எண்ணெய் வண்ணத்தில் வரைவதைப் பார்க்க வாய்த்தது. 1873இல் சென்னை நுண்கலைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம். அதே ஆண்டு வியன்னா உலகக் கண்காட்சியிலும் அங்கீகாரம். 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சிக்கு அவருடைய பத்து ஓவியங்கள் போயின, பதக்கமும் பெற்றன. அதற்கு முந்தைய டிசம்பரில் குமரிமுனைப் பாறையில் அமர்ந்த விவேகானந்தர் பேசிய சர்வ சமய மாநாடும் அதே சிக்காகோக் கண்காட்சியை ஒட்டி நடந்ததுதான். தெற்குமுனையோடு தொடர்புள்ள இரண்டு பேர், ஒருவர் பேச்சாலும் மற்றவர் தூரிகையாலும், ஒரே ஆண்டில் ஒரே நகரத்தில் அறியப்பட்டார்கள். ரவிவர்மா கப்பல் ஏறவில்லை. அவருடைய படங்கள் ஏறின.

இந்த வெற்றியில் இடையில் நின்றவர்களை மறந்துவிடக் கூடாது. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பின்னர் பரோடாவிலும் திவானாக இருந்த மாதவராவ் அவர்களில் முதன்மையானவர். பரோடா அரசவைக்கு ரவிவர்மா சென்றதும் அங்கே பதினான்கு புராண ஓவியங்களைத் தீட்டியதும் அந்தத் தொடர்பு வழியாகத்தான். ஓவியங்களை எண்ணெய் அச்சுப் படங்களாகப் பரப்பச் சொன்னவரும் அவரே. தம்பி ராஜராஜ வர்மா கூடவே பயணம் செய்து வரைவதிலும் நிர்வாகத்திலும் கைகொடுத்தார். 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவப்பட்டது. அரசவை, திவான், கண்காட்சி, பதக்கம், அச்சகம் என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட வரிசை அது. எந்தக் கண்ணி அறுந்திருந்தாலும் கிளிமானூர் அரண்மனையோடு அந்தத் திறமை நின்றிருக்கும். சட்டத்தின் வினோதம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் வியன்னாவுக்கும் சிக்காகோவுக்கும் போன ரவிவர்மாவின் ஓவியங்கள் 1979இல் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வச் சட்டப்படி இன்று அவற்றைத் தனியார் வெளிநாட்டில் விற்பனைக்காக எடுத்துச் செல்ல முடியாது.

எல்லைக்கோடு விழுந்த இடம்

திருவிதாங்கூர் தன் கலைக்கூடத்தைத் தலைநகரில் கட்டியது. சித்திரைத் திருநாள் காலத்தில் ஜேம்ஸ் கசின்ஸின் முயற்சியில் 1935இல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ரா கலைக்கூடம் திறக்கப்பட்டது. ரவிவர்மாவின் படங்களையும் ரோரிக்கின் இமயமலைக் காட்சிகளையும் அங்கே பார்க்கலாம். மன்னராட்சிக் காலத்திலேயே தொடங்கிய கலைப்பள்ளி 1975இல் நுண்கலைக் கல்லூரியானது. அந்தக் கல்லூரியில் படித்த இளைஞர்கள் பலர் கே.பி. கிருஷ்ணகுமாரோடு சேர்ந்து 1987இல் பரோடாவில் நடத்திய கண்காட்சி இந்தியக் கலை விவாதத்தையே திசைதிருப்பியது.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் எழுபது கிலோமீட்டர். ஆனால் 1956 நவம்பர் 1ஆம் தேதி, திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. மொழியின் நியாயம் அது, போராடிப் பெற்றது. கலையின் கணக்கில் மட்டும் ஒரு விசித்திரமான பாகப்பிரிவினை நடந்தது. கூடமும் பள்ளியும் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றன. பத்மநாபபுரம் அரண்மனை இந்தப் பக்கம் இருந்தாலும் அதன் நிர்வாகம் இன்றுவரை கேரளத் தொல்லியல் துறையிடம்தான். தமிழகத்தின் அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் அமைந்தன. சிற்பக் கல்லூரி மாமல்லபுரத்தில். சென்னை சுமார் எழுநூறு கிலோமீட்டர். இணைப்புக்குப் பிறகு சாலை வந்தது, கல்லூரிகள் வந்தன, குமரிமுனையில் 1970இல் விவேகானந்தர் மண்டபமும் 2000 ஜனவரி முதல் தேதி 133 அடி வள்ளுவர் சிலையும் எழுந்தன. ஓவியக் கண்காட்சிக்கென்று ஒரு கூடம் எழவில்லை.

சென்னை வழி பாரிஸ்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெற்கிலிருந்து உலகுக்குப் போகும் கதவு சென்னைக் கலைப்பள்ளியாக இருந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி அது. தேவிபிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்திய முதல்வர். அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர், 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தவர். 1954இல் ஐரோப்பா சென்று லண்டனிலும் பாரிஸிலும் காட்சி வைத்தார். திரும்பி வந்தவர் மேற்கின் பாணியைத் தொடரவில்லை. சோதிடக் கட்டங்கள், எழுத்துருக்கள், குறிகள் ஆகியவற்றால் நிறைந்த ‘சொற்களும் குறிகளும்’ வரிசை 1963இலிருந்து வந்தது. வெளியே போய்ப் பார்த்தவருக்குத்தான் தன்னிடம் இருப்பது எது என்று தெரிந்தது என்று இதைப் படிக்கலாம்.

பணிக்கரின் இன்னொரு பங்களிப்பை நாஞ்சில் நாட்டார் கவனித்துப் படிக்க வேண்டும். ஓவியம் விற்காத காலத்தில் அவரும் மாணவர்களும் பாத்திக் துணி அச்சிட்டு விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். அரசு கட்டித்தரட்டும் என்று காத்திருக்கவில்லை. கைத்தொழில் சோறு போட, ஓவியம் சுதந்திரமாக நின்றது. சுல்தான் அலி, வாசுதேவ், ஹரிதாசன், ராமானுஜம், நந்தகோபால் என்று பல பெயர்கள் அந்தக் கடற்கரைக் கிராமத்தோடு சேர்ந்தே அறியப்பட்டன. கொல்லம் பகுதியிலிருந்து வந்து பணிக்கரிடம் பயின்ற விஸ்வநாதன் 1968இல் பாரிஸ் போய் அங்கேயே நிலைத்தார். மணலில் தொடங்கி ஐம்பூதங்களைப் பற்றித் திரைப்படங்களும் எடுத்தார். அக்கித்தம் நாராயணனும் பாரிஸ்வாசி ஆனார்.

அந்தத் தலைமுறைக்கு உலகக் கண்காட்சி வாழ்க்கை என்றால் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போவதுதான். பாரிஸில் இருந்தால் பாரிஸ் கேலரி. சென்னையில் இருந்தால் லலித் கலா அகாதமியின் தயவு. 1954இல் தோன்றிய அகாதமி, முல்க் ராஜ் ஆனந்தின் முனைப்பில் 1968இல் இந்தியாவின் முதல் டிரியென்னாலே என்ற மூன்றாண்டுக்கொருமுறைக் கண்காட்சியை நடத்தி உலகத்தை டெல்லிக்கு வரவழைத்தது. ஆனால் அகாதமி வழிப் பயணத்தில் அழைப்பும் தேர்வும் குழுக்களின் கையில் இருந்தன. கலைஞருக்காகத் தொடர்ந்து பேச, ஒரு கண்காட்சி முடிந்ததும் அடுத்ததை யோசிக்க, யாரும் இல்லை.

பாலாவின் பாதை

அந்த வெற்றிடம் எப்படி நிரம்பியது என்பதற்கு ‘பாலா’ என்று கலை உலகம் அழைக்கும் ஆழ்வார் பாலசுப்ரமணியம் நல்ல எடுத்துக்காட்டு. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் 1995இல் பட்டம் பெற்றார். பிறகு எடின்பரோவிலும் வியன்னாவிலும் அச்சோவியம் பயின்றார். அவருக்கு முந்தைய தலைமுறையில் தேவகோட்டைக்காரரான ஆர்.எம். பழனியப்பனும் அச்சோவியத்தின் வழியாகத்தான் அமெரிக்காவுக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் போனார். இது தற்செயலாக நடந்ததல்ல. அச்சோவியத்தைச் சுருட்டிக் குழாயில் வைத்துத் தபாலில் அனுப்பலாம். ஒரே படத்துக்குப் பல பிரதிகள் உண்டு. ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்கும். பணமும் கேலரியும் இல்லாத இளைஞருக்கு உலகப் போட்டிகளில் கலந்துகொள்ள மலிவான வழி அதுவே. ஏறக்குறைய கதையைத் தபாலில் அனுப்பும் எழுத்தாளரின் வசதி.

சிற்பத்துக்கு மாறியபோது அந்த வசதி போய்விட்டது. அப்போதுதான் கேலரி தேவைப்பட்டது. 2001இல் நியூயார்க்கில் தொடங்கிய தல்வார் கேலரி அடுத்த ஆண்டிலிருந்து பாலாவின் தனிநபர் கண்காட்சிகளை நடத்தியது. 2007இல் டெல்லியிலும் கூடம் திறந்தது. பாலாவின் படைப்புகள் அப்படிப்பட்ட நீண்டகாலத் துணை இல்லாமல் நிற்க முடியாதவை. 2002இல் செய்த ‘செல்ஃப் இன் பிராக்ரஸ்’ என்ற சிற்பத்தில் அமர்ந்திருக்கும் வெள்ளை மனித உருவம் சுவருக்குள் பாதி மறைகிறது. கூடத்தின் சுவரே சிற்பத்தின் பகுதியாகிறது. அதை வேறோர் இடத்தில் வைக்க வேண்டுமென்றால் அங்கும் சுவரைத் தயார் செய்ய வேண்டும். ஆவியாகிப் போகும் பொருளில் வார்த்த உருவங்களையும் அவர் காட்சிக்கு வைத்திருக்கிறார். நாட்கள் போகப் போக உருவம் மெலிந்து மறையும். வாங்குபவர் வீட்டுக்கு என்ன கொண்டுபோவார்? விற்பனையை மட்டும் நம்பும் கடைக்காரர் இதைத் தொடவே மாட்டார். கண்ணுக்குத் தெரியாத காற்று, ஈர்ப்பு, நிழல், காலம் ஆகியவற்றுக்கு உருவம் தேடும் கலைஞருக்கு, ‘இவர் பத்தாண்டுக்குப் பின் எங்கே இருப்பார்’ என்று யோசிக்கும் ஒரு இடைநிலையாளர் தேவைப்பட்டார்.

அடுத்த கட்டம் அருங்காட்சியகம். 2008இல் டோக்கியோவின் மோரி கலை அருங்காட்சியகம் ‘சலோ! இந்தியா’ என்ற பெரிய தொகுப்புக் கண்காட்சியை நடத்தியபோது பாலாவும் அதில் இடம்பெற்றார். 2009இல் மைசூரில் நடந்த டெட் இந்தியா மேடையில் தன் கலையைப் பற்றிப் பேசினார். இணையத்தில் அந்த உரை வழியாகவே அவரை அறிந்தவர்கள் ஏராளம். 2011இல் வாஷிங்டனின் ஃபிலிப்ஸ் கலெக்ஷன், அமெரிக்காவின் முதல் நவீன கலை அருங்காட்சியகமாக 1921இல் திறக்கப்பட்ட அந்த இடம், சமகாலக் கலைஞர்களுக்கான தன் வரிசையில் அவருடைய ‘ஸ்கின்’ கண்காட்சியை வைத்தது. 2026ஆம் ஆண்டு வெனிஸ் பினாலேயில் இந்திய அரங்குக்கு அறிவிக்கப்பட்ட ஐந்து கலைஞர்களிலும் அவர் ஒருவர். 1895இல் தொடங்கிய வெனிஸ் பினாலேயில் அதற்கு முன் இந்தியா தேசிய அரங்கு அமைத்தது 2011இலும் 2019இலும்தான். இடையில் இத்தனை ஆண்டுகள் வெறுமையாகப் போனதற்குக் கலைஞர் பஞ்சம் காரணமில்லை. அரங்கை ஏற்று நடத்த நிலையான அமைப்பு இல்லாததே காரணம்.

பாலாவின் பாதையில் முந்தைய தலைமுறையோடு மாறுபடும் இடம் ஒன்று உண்டு. அவர் பாரிஸுக்கோ நியூயார்க்குக்கோ குடிபோகவில்லை. சில காலம் பெங்களூரில் வாழ்ந்துவிட்டு, நெல்லைச் சீமையின் கிராமப்புறத்துக்கே திரும்பி அங்கே பட்டறை அமைத்துக்கொண்டார். பிந்தைய படைப்புகளில் அந்த மண்ணும் பாறையும் வெயிலும் மழையும் நேரடியாக வந்து உட்கார்ந்தன. கேலரி, கேட்டலாக், இணையம், விமான சரக்கு ஆகியவை ஒழுங்காக இருந்தால், கலைஞர் தாமிரபரணிக் கரையிலேயே இருக்கலாம் என்பதற்கு இது சான்று. கலைஞர் மட்டும் இருந்தால் போதும் என்று இதை யாரும் படித்துவிடக் கூடாது. ஒவ்வொரு கண்காட்சிக்குப் பின்னும் மரப்பெட்டி செய்பவர், படைப்பின் நிலையைப் புகைப்படத்தோடு பதிவு செய்பவர், காப்பீட்டுக்காரர், சுங்கத்துக்கு ‘அட்டா கார்னெட்’ என்ற தற்காலிக ஏற்றுமதிச் சீட்டு வாங்கித் தருபவர், கட்டுரை எழுதும் க்யூரேட்டர் என்று ஒரு படையே உழைக்கிறது. பட்டியலில் வருவது கலைஞர் பெயர் மட்டும்தான்.

ஒரே ரயிலில் கொச்சி

2012 டிசம்பர் 12 அன்று கொச்சி முசிரிஸ் பினாலே தொடங்கியதோடு இன்னொரு கதவு திறந்தது. போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் கேரள அரசின் நிதியுதவியோடு ஃபோர்ட் கொச்சியின் பழைய கிட்டங்கிகளைக் கூடமாக்கினார்கள். திருவண்ணாமலையில் பிறந்து சென்னையில் இயங்கும் பெனிதா பெர்சியாள், 2014இல் சாம்பிராணியும் மூலிகைகளும் கலந்து வார்த்த கிறிஸ்தவ உருவங்களை அங்கே வைத்தார். புனித தோமா வந்தார் என்ற நம்பிக்கையும், பினாலே நடந்த கடற்கரையும், வாசனைப் பொருள் வணிகமும் அந்தக் கூடத்தில் ஒன்று சேர்ந்தன. அதே தோமா மரபைச் சொல்லும் திருவிதாங்கோடு அரைப்பள்ளி கல்குளம் வட்டாரத்தில் இருக்கிறது. பொருளும் கதையும் நம்மிடமும் உண்டு; அவற்றைக் கூடம் வரை கொண்டுபோகும் கை வேறிடத்திலிருந்து வந்தது.

யாழ்ப்பாணத்தின் தா. சனாதனன் இன்னொரு பாடம். போரில் சிதைந்த நகரத்தில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்துகொண்டே, வீடிழந்தவர்களின் நினைவில் இருந்த வீட்டு வரைபடங்களைத் திரட்டி 2011இல் ஒரு நூலாகவே படைப்பை ஆக்கினார். 2016இல் கொச்சியிலும் காட்சி வைத்தார். கூடமில்லாத ஊரில் புத்தகமே கூடமாயிற்று. எழுத்து வளமுள்ள நாஞ்சில் நாட்டுக்கு இந்த வழி மிகவும் பொருந்தும்.

கொச்சிப் பினாலே 2014 முதல் மாணவர் பினாலேயும் நடத்துகிறது. நாடெங்கும் உள்ள கலைக்கல்லூரி மாணவர்கள் அதில் பங்கேற்கிறார்கள். கன்னியாகுமரியிலிருந்து கொச்சிக்கு ஒரே ரயிலில் போய்விடலாம். ஆனால் அரசு நுண்கலைக் கல்லூரி இல்லாத மாவட்டத்துப் பிள்ளைக்கு அந்த ரயிலில் பார்வையாளராகத்தான் இடம்.

கண்காட்சியில் சேராதவர்கள்

கண்காட்சிப் பட்டியலை மட்டும் வைத்து ஒரு வட்டாரத்தின் கலையை அளப்பதில் ஆபத்தும் உண்டு. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜுவின் தெய்வப் படங்கள் காலண்டர்களாகத் தமிழ்நாட்டின் வீடு வீடாகத் தொங்கின. கேலரிக் கண்காட்சிகளின் கணக்கில் பார்த்தால் அவர் வாழ்க்கை வெறும் தாள். பார்வையாளர் கணக்கில் பார்த்தால் அவருக்கு ஈடு சொல்வது கடினம்.

மயிலாடியும் அப்படித்தான். அங்கே செதுக்கும் விக்கிரகங்கள் வெளிநாட்டுக் கோயில்களுக்கும் போகின்றன. பாலாவின் சிற்பம் போகும்போது படைத்தவர் பெயரோடும், திரும்பி வரும் தேதியோடும், ஒப்பந்தத்தோடும் போகிறது. மயிலாடிச் சிலை சரக்காகப் போகிறது. செதுக்கியவர் பெயர் பில்லில்கூட இருக்காது. வள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதியின் பெயரை உலகம் அறியும். அதன் கற்களில் உளி பிடித்த தொழிலாளர்களை யாரும் அறியார். மரபுச் சிற்பி தன் பெயரைப் பெரிதாக்குவதில்லை என்று சிலர் இதற்குச் சமாதானம் சொல்வார்கள். அது உண்மையாகவே இருந்தாலும், பெயர் பதியாத இடத்தில் கூலி உயராது, வரலாறும் எழுதப்படாது.

‘எல்லாக் கலைஞரும் நியூயார்க் போக வேண்டுமா?’ என்று கேட்கலாம். வேண்டியதில்லை. வெனிஸ் அழைத்ததால் மட்டும் ஒரு படைப்பு உயர்ந்துவிடாது. உலகக் கலைச் சந்தைக்கும் தன் மோஸ்தர்கள் உண்டு. ஆனால் போகாமல் இருப்பது கலைஞரின் தேர்வாக இருக்க வேண்டும். வழியே இல்லாததால் போகாமல் இருப்பதைத் துறவு என்று சொல்ல முடியாது.

செய்ய வேண்டியவை

மேலே பார்த்த பாதைகள் அனைத்திலும் பொதுவாக இருந்தவை நான்கு: கற்க ஓர் இடம், சேர்ந்து இயங்க ஒரு குழு, தொடர்ந்து துணை நிற்கும் ஒரு இடைநிலையாளர், எழுத்தில் பதிவு. ரவிவர்மாவுக்கு அரசவை, பணிக்கருக்குப் பள்ளியும் சோழமண்டலமும், பாலாவுக்குக் கேலரி, சனாதனனுக்குப் பல்கலைக்கழகமும் பதிப்பும். கன்னியாகுமரி மாவட்டத்தில் நான்காவது மட்டும் வலுவாக இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம். மாவட்டத்தில் பிறந்த, வாழும் ஓவியர், சிற்பிகள் எல்லோரின் படைப்புகளையும் கண்காட்சி விவரங்களையும் தொகுத்து ஒரு நூல் வர வேண்டும். மயிலாடிப் பட்டறைகளின் பெயர்ப் பதிவும் அதில் சேர வேண்டும். இங்குள்ள எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் மனம் வைத்தால் இதற்கு அரசாணை தேவையில்லை.

அரசு செய்ய வேண்டியது நாகர்கோவிலில் ஒரு கூடம். பூட்டிக் கிடக்கும் பழைய பொதுக் கட்டடம் ஒன்று போதும். ஈரமில்லாத சுவர், சரியான விளக்கு, பொறுப்பான ஒரு க்யூரேட்டர், சிறிய அச்சோவியப் பட்டறை, இவ்வளவே தொடக்கம். பத்மநாபபுரம் அரண்மனையை ஒட்டி ஆண்டுக்கொரு முறை இரு மாநிலக் கலைஞர்களும் சேர்ந்து காட்சி வைக்கத் தமிழக, கேரள அரசுகள் ஒப்பந்தம் செய்துகொள்வதும் நடக்கக்கூடியதே. எழுத்துக்குச் செய்ததில் பாதியை நாஞ்சில் நாட்டு வாசகர்கள் வண்ணத்துக்கும் கல்லுக்கும் செய்தால், அடுத்த தலைமுறைச் சிற்பி வெனிஸுக்குப் போகும்போது, பிறந்த ஊர் என்ற இடத்தில் தயக்கமில்லாமல் கன்னியாகுமரி என்று எழுதலாம்.